விரல் விட்டு எண்ணிய சொல்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒன்றையொன்று அறியாமலே 'விரல்' என்ற ஒரே சொல்லைச் சுற்றி அமைந்திருந்தன. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்முறை பக்கம் முழுவதையும் அந்த நான்கிற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, பிரெஞ்சுப் பாடத்தில் 'ஆம்ப்ரேந்த் டிஜித்தால்' என்றால் விரல்ரேகைப் பதிவு என்று எழுதினாள். அன்று மாலை கடைக்குப் போனபோது 'மோந்த்ர் டிஜித்தால்' என்று ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டினார்கள். "விரலுக்கும் கடிகாரத்துக்கும் என்ன உறவு, பாட்டி?" என்று அவள் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. 'டிஜித்தால்' (ஆங்கிலத்தில் 'டிஜிட்டல்') என்ற இச்சொல்லின் பொருளையும் தோற்றத்தையும், தமிழில் அதை எப்படி எழுதுவது என்பதையும் விளக்க வேண்டுகிறேன். (ரோஸ் ஹில் வாசகி ஒருவர்)

பதில்: அம்மா, உங்கள் பேத்தி சரியான இடத்தைத் தொட்டுவிட்டாள். இரண்டிடத்திலும் இருப்பது ஒரே சொல்தான். லத்தீன் மொழியில் 'டிகிட்டுஸ்' என்றால் விரல். கைவிரலுக்கும் கால்விரலுக்கும் அங்கே அது ஒன்றே. நம் 'விரல்' என்ற சொல்லும் அத்தகையதே. முன்னால் கை என்றோ கால் என்றோ சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்திலோ 'ஃபிங்கர்' கைக்கும் 'டோ' காலுக்கும் என்று தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. லத்தீன் சொல் மக்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சில் 'துவா' ஆயிற்று. அதற்கு முன் நிற்கும் 'ல' என்ற சிறு சொல்லும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ள, நம் மொரிஷியஸ் தீவின் கிரியோல் மொழியில் அது 'லெதுவா' ஆயிற்று. கதவிடுக்கில் விரல் நசுங்கிய பிள்ளை 'மோ லெதுவா!' என்று அழும்போது அதன் வாயில் வருவது பழைய உரோமானியரின் சொல்லே. பேச்சில் இப்படித் தேய்ந்த சொல்லைக் கற்றோர் பழைய நூல்களிலிருந்து தேயாத வடிவில் மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். 'விரலைச் சார்ந்த' என்னும் பொருளில் வரும் 'டிஜித்தால்' அப்படிப் பிறந்தது; விரல்ரேகையில் இருப்பது இந்தப் பொருளே.

இனி, விரலைக் குறித்த சொல் எண்ணைக் குறிக்க வந்த கதை. விரல் விட்டு எண்ணியதால் வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. எழுதுவதற்குத் தாள் எளிதில் கிடைக்காத இடைக்கால ஐரோப்பாவில், விரல்களை மடக்கியும் வளைத்தும் நீட்டியும் பெரிய எண்களைக் காட்டும் முறை ஒன்று வழங்கியது. பீட் என்னும் இங்கிலாந்துத் துறவி, 725-ஆம் ஆண்டில் காலக்கணக்கைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் அதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றுகளும் பத்துகளும் இடக்கையில், நூறுகளும் ஆயிரங்களும் வலக்கையில் என்று வைத்துக்கொண்டு, பத்து விரல்களைக் கொண்டே 9,999 வரை காட்டிவிடலாம். பிற்காலக் கணக்கு நூல்கள் எண்களை மூன்றாகப் பிரித்தன. ஒன்று முதல் ஒன்பது வரை உள்ளவை 'விரல்கள்'. பத்து, இருபது, முப்பது என்று பத்தின் மடங்காக வருபவை 'கணுக்கள்'. பதினேழு, நாற்பத்திரண்டு போல இரண்டும் கலந்து வருபவை 'கூட்டெண்கள்'. பதினான்காம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் 'டிஜிட்' என்ற சொல் பத்துக்குக் குறைந்த எண் என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, இந்தப் பிரிவினையைச் சுமந்துகொண்டுதான் நுழைந்தது. எல்லா எண்ணையும் அச்சொல் குறிக்காமல், எண்ணின் ஓர் இடத்தில் நிற்கும் ஒற்றைக் குறியை மட்டுமே இன்றும் குறிப்பதற்குக் காரணம் இதுவே. 365 என்பது ஓர் எண். அதில் 'விரல்கள்' மூன்று.

அந்த ஒன்பது விரல்களில் சுழியத்துக்கு இடமில்லை என்பதையும் கவனியுங்கள். 1202-இல் பீசா நகரத்துக் கணித அறிஞர் லியோனார்டோ, இந்தியர்களின் ஒன்பது குறிகளையும், அவற்றோடு அரபியர் 'சிஃப்ர்' என்று அழைத்த குறியையும் தம் நூலில் அறிமுகப்படுத்தினார். 'வெறுமை' என்னும் பொருளுடைய அந்த அரபுச் சொல், வடமொழிச் 'சூன்ய'த்தின் பெயர்ப்பாக வந்தது. அதுவே ஒரு கிளையில், சுழியத்தைக் குறிக்கும் 'சேரோ' ஆயிற்று. மற்றொரு கிளையில், எண்குறியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'ஷிஃப்ர்' ஆயிற்று. நம் பெரியவர்கள் சுழியத்தைச் 'சைபர்' என்றதும் அந்தக் கிளையில் வந்ததே. ஆக, ஒரே எண்குறிக்கு ஆங்கிலம் விரலிலிருந்து பெயர் எடுத்தது. பிரெஞ்சு வெறுமையிலிருந்து பெயர் எடுத்தது. இருமொழியும் அன்றாடம் புழங்கும் மொரிஷியஸில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேறு எந்த ஊரைக் காட்டிலும் வாய்ப்பு அதிகம்.

விரலால் எண்ணுவது ஐரோப்பியர்க்கே உரிய கலை அன்று. காவடிக்குக் கொடியேறிய நாள் முதல் பத்து நாள் விரதத்தை என் பாட்டி கையிலேதான் கணக்கு வைத்திருப்பார். கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைப்பார். அங்கிருந்து நடுக்கணு, மேல்கணு என்று ஏறி, அடுத்த விரலின் அடிக்கு இறங்குவார். விரலுக்கு மூன்றாக நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. பத்து நாள் விரதம் முடிந்தும் கையில் இரண்டு இடம் மிஞ்சியிருக்கும். பாத்திரம் கழுவி ஈரம் காயாத கையிலும் அந்தக் கட்டைவிரல் தான் நின்ற இடத்தை மறந்ததில்லை. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக இசை பயிலும் பிள்ளைகளும் விரலை விடவில்லை: ஆதி தாளத்தில் ஒரு தட்டுக்குப் பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணினால்தான் லகு என்னும் தாள உறுப்பு நிறைவேறும். எளிதில் எண்ணிவிடத்தக்க சிறு தொகையை 'விரல் விட்டு எண்ணிவிடலாம்' என்று தமிழர் சொல்வது இத்தகைய பழக்கத்திலிருந்து வந்த வழக்கே.

விரல் அளவுகோலாகவும் இருந்தது. லத்தீன் சொல்லுக்கு விரலகலம் என்ற பொருளும் உண்டு; பதினாறு விரலகலம் ஓர் உரோமானிய அடி. நம்மிடம் பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். 'அங்குலம்' என்பதும் விரலைக் குறிக்கும் 'அங்குலி' என்ற வடசொல்லின் வழி வந்தது. பிரெஞ்சில் 'பூஸ்' என்றால் கட்டைவிரல். அங்குலத்துக்கும் அதுவே பெயர். போர்ட் லூயி நகருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் லெ பூஸ் மலையின் பெயரும் அதன் உச்சி கட்டைவிரல் போல் இருப்பதால் வந்தது.

இன்னும் ஓர் அடி உள்ளே போனால், லத்தீன் சொல்லின் வேர் 'சுட்டிக் காட்டுதல்' என்னும் பொருளுடையது என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. வடமொழியில் அதே வேர் 'திச்' என்று நிற்கிறது. தமிழில் நாம் வழங்கும் 'திசை', 'உபதேசம்' ஆகிய சொற்கள் அதன் வழி வந்தவை. ஒன்று கை காட்டும் பக்கம், மற்றொன்று குரு காட்டும் வழி. விரல் என்பது காட்டுவது என்ற எண்ணம் தமிழுக்கும் புதிதன்று. கட்டைவிரலுக்கு அடுத்ததைச் 'சுட்டுவிரல்' என்றே வைத்திருக்கிறோம். அ, இ, உ என்ற எழுத்துகளைச் 'சுட்டு' என்று இலக்கணத்தில் வகுத்ததும் அதே சொல்லால்தான். வேர்கள் வேறு, பொருள் பிறந்த வழி ஒன்று.

கடிகாரத்துக்கு வருகிறேன். முள் சுழலும் கடிகாரத்தில் காலம் இடைவெளியின்றி நகர்கிறது. மற்றதில் அது எண்ணெண்ணாகத் தாவுகிறது. அளவை இடைவிடாத நகர்வாகக் காட்டாமல் எண்குறிகளாகவே கொண்டு கணக்கிடும் இயந்திரங்களுக்கு 'டிஜிட்டல்' என்ற அடைமொழியை 1942-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் முன்மொழிந்தார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. பிரெஞ்சு மொழி வழக்கை வரையறுக்கும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி இதை இன்றும் ஏற்கவில்லை. பிரெஞ்சில் அச்சொல் விரலுக்கே உரியது, எண்ணைச் சார்ந்ததற்கு 'நூமெரிக்' என்றே எழுத வேண்டும் என்பது அதன் நிலை. உங்கள் பேத்தி தேர்வில் 'நூமெரிக்' என்று எழுதுவது நல்லது; கடைக்காரர் சொன்னதையும் பிழை என்று தள்ள வேண்டியதில்லை, மக்கள் வழங்கும் சொல் அது.

தமிழில் 'டிஜிட்' என்பதற்கு 'இலக்கம்' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. 'ஈரிலக்க எண்', 'மூவிலக்க எண்' என்று பள்ளிப் புத்தகங்களில் படிக்கிறோம். அடையாளம், குறி என்ற பொருளுடைய 'லட்ச' என்ற வடசொல்லின் வழி வந்தது இது. குறி என்ற பொருளிலிருந்து எய்யும் 'இலக்கு' ஒரு பக்கம் பிரிந்தது. நூறாயிரத்தைக் குறிக்கும் 'இலட்சம்' இன்னொரு பக்கம் பிரிந்தது. இலங்கைத் தமிழர் வீட்டு எண்ணை 'இலக்கம்' என்பார்கள். ஆகவே தமிழ்ச் சொல்லில் விரல் இல்லை, குறி இருக்கிறது. 'டிஜிட்டல்' என்ற அடைமொழிக்கு எண்ணிம, எண்முறை, இலக்கமுறை என்று பல ஆக்கங்கள் வழங்குகின்றன. எனக்கு உகந்தது 'எண்ணிம' என்பது; சுருக்கமாக இருக்கிறது, 'எண்ணிமக் கடிகாரம்', 'எண்ணிமப் படம்' என்று இடறாமல் புணர்கிறது. பலர் 'மின்னணு' என்று எழுதிவிடுகிறார்கள், அது பொருந்தாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் 1642-இல் பற்சக்கரங்களைக் கொண்டு உருவாக்கத் தொடங்கிய கூட்டல் இயந்திரத்தில் மின்சாரமே இல்லை, ஆயினும் அது முழுக்க முழுக்க எண்ணிம இயந்திரம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் 'எண்ணு' என்றால் கணக்கிடு. 'எண்ணு' என்றால் நினை. எண், எண்ணம் இரண்டும் ஒரு வேரில் கிளைத்தவை. பிரெஞ்சில் 'எண்ணுதல்' என்னும் பொருளுடைய 'கோந்தே'யும் 'கதை சொல்லுதல்' என்னும் பொருளுடைய 'கோந்தே'யும் எழுத்தில் வேறுபட்டாலும் ஒரே லத்தீன் சொல்லில் பிறந்தவை. அவர்கள் எண்ணியதை வாயால் சொன்னார்கள். நாம் எண்ணியதை மனத்தில் வைத்தோம்.

கேள்வி: என் கணவர் இதயத்துக்கு 'டிகாக்சின்' என்ற மாத்திரை உட்கொள்கிறார். அப்பெயரின் தொடக்கத்தைப் பார்த்தால் விரலைக் குறிக்கும் லத்தீன் சொல் நினைவுக்கு வருகிறது. தொடர்பு உண்டா? (பொ பாசேன் வாசகி ஒருவர்)

பதில்: உண்டு, அம்மா. அந்த மருந்து 'டிஜிட்டாலிஸ்' என்னும் செடியினத்திலிருந்து பெறப்படுவது. செடியின் பூ நீண்ட மணி வடிவில், விரலை நுழைத்தால் கச்சிதமாகப் பொருந்தும் அளவில் இருக்கும். ஜெர்மானியர் அதைத் தையற்காரர் விரலில் மாட்டும் உறையின் பெயரால் அழைத்தனர். 1542-இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற தாவரவியலாளர் அந்தப் பெயரை லத்தீனாக்கி 'டிஜிட்டாலிஸ்' என்றார். 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் அதன் இலை, உடலில் நீர் கோத்து வீங்கும் நோயுற்றவர்களுக்குத் தரும் பயனைத் தம் நோயாளிகளின் குறிப்புகளோடு வெளியிட்டார். 1930-இல் அதே இனத்தின் இன்னொரு செடியிலிருந்து டிகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. மருந்துக்கும் நச்சுக்கும் இடையே மிகச் சிறிய அளவே வேறுபாடுள்ள பொருள் அது. மருத்துவர் சொன்ன அளவில் அணுவும் பிசகக் கூடாது.

தையலுறைக்குப் பிரெஞ்சில் 'தே' என்று பெயர். அந்த ஓரெழுத்துச் சொல்லும் லத்தீன் விரற்சொல்லின் தேய்வே. தமிழ்த் தையற்காரர்கள் 'அங்குஸ்தான்' என்பார்கள். விரலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி: 'கை' என்பதிலிருந்துதான் 'ஐ', 'ஐந்து' பிறந்தன என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். கைக்கு ஐந்து விரல் என்பதால் பொருத்தமாகவும் தோன்றுகிறது. உண்மையா? (காத்ர் போர்ன் வாசகர் ஒருவர்)

பதில்: கேட்க இனிக்கிறது, ஆனால் நிற்காது. ஒரு சொல்லின் பிறப்பைத் தமிழை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, உடன்பிறந்த மொழிகளையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நடு இந்தியாவில் பேசப்படும் கோண்டி மொழியில் கைக்குக் 'கை' என்றே பெயர். ஐந்துக்கோ 'சையுங்' என்று சகரத்தில் தொடங்கும் சொல். தமிழில் ஐந்தின் முன்னிருந்த அந்தச் சகரம் மறைந்துவிட்டது. கையின் ககரம் மறையவில்லை. இருசொல்லும் தொடக்கத்திலேயே வெவ்வேறானவை என்பதற்கு இது போதும்.

கையும் ஐந்தும் மெய்யாகவே ஒன்றான மொழிக்குடும்பம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலாய், ஹவாய், மடகாஸ்கர் மொழிகளின் பொதுத் தாய்மொழியில் 'லிமா' என்ற சொல் கையையும் ஐந்தையும் குறித்தது. ஹவாயில் இன்றும் அப்படியே. மலாயில் அது ஐந்து மட்டும். மடகாஸ்கரின் மலகாசி மொழியில் ஐந்தைக் குறிக்கும் 'திமி' அந்த 'லிமா'வே, ஒலி மாறி வந்து நிற்கிறது.

கேள்வி: நம் நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தோடு தமிழ் எண்களும் இருப்பது எனக்குப் பெருமை. அக்குறிகளுக்கும் விரலுக்கும் தொடர்பு உண்டா? மாலை வகுப்பில் தமிழ் கற்பிக்கும் நான், சுழியம் சேர்த்த முறையைக் கற்பிப்பதா, பழைய முறையைக் கற்பிப்பதா? (போர்ட் லூயி ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. 1998-இல் வெளிவந்த தாள்களில் மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாற்றப்பட்டபோது நம் மக்கள் எழுப்பிய குரலையும், அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டதையும் கண்ட தலைமுறை நாம். அந்தச் சிறு எழுத்தின் அருமை நமக்குத் தெரியும்.

தமிழ் எண்குறிகள் க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்ற எழுத்துகளைப் போலத் தோன்றுவதால், எழுத்துகளே எண்களாயின என்று பலர் எண்ணுகிறார்கள். கல்வெட்டுகள் வேறு கதை சொல்கின்றன. பிராமி என்னும் பண்டைய இந்திய எழுத்தில் அமைந்த பழைய கல்வெட்டுகளில் ஒன்றுக்கு ஒரு கிடைக்கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. மேசைமேல் கையைப் பக்கவாட்டில் வைத்து விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நீட்டிப் பாருங்கள், அதே தோற்றம். கையெழுத்து விரைய விரையக் கோடுகள் ஒன்றோடொன்று இணைந்து வளைந்தன. தமிழின் ௧, ௨, ௩ மட்டுமல்ல, இன்று உலகம் முழுவதும் எழுதும் 2, 3 ஆகியவையும் அவ்வாறு இணைந்த கோடுகளே. எழுத்தோடு ஒப்புமை பின்னால் வந்து சேர்ந்தது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு: முதலில் புதிய முறை, பிறகு பழைய முறை. பிள்ளைகள் இடமதிப்பைக் கணக்குப் பாடத்தில் ஏற்கெனவே அறிவார்கள். ௧ முதல் ௯ வரை கற்று, ௦ சேர்த்துக்கொண்டால் அன்றே எந்த எண்ணையும் எழுதிவிடுவார்கள். பழைய முறையில் சுழியம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் உண்டு, பேசும் வரிசையிலேயே எழுதுவார்கள். 25 என்பது ௨௰௫: இரு, பத்து, ஐந்து. இதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், 'இருபத்தைந்து' என்ற சொல்லின் கட்டமைப்பைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். இடைக்கால ஐரோப்பியர் விரல் என்றும் கணு என்றும் பிரித்ததைத் தமிழர் தனித்தனிக் குறியாகவே எழுதிக் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

வகுப்பில் கணினி இருந்தால் ஓர் எச்சரிக்கை: தமிழ்ச் சுழியம், கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2005-இல்தான் சேர்க்கப்பட்டது, மிகப் பழைய எழுத்துருக்களில் அவ்விடத்தில் வெறும் கட்டம் தெரியும். பயிற்சிக்கு நம் விடுதலை ஆண்டையே கொடுங்கள். புதிய முறையில் 1968 என்பது ௧௯௬௮. பழைய முறையில் ௲௯௱௬௰௮. அடுத்து 2000-ஐக் கொடுங்கள். புதிய முறையில் ௨௦௦௦ என்று நான்கு குறி வேண்டும். பழைய முறையில் ௨௲ என்று இரண்டே குறியில் முடிந்துவிடும்.